உப்பளத்து உப்பும் சாம்பாரில் ஒளிந்த கோதுமையும்

வெயில் ஏற ஏற மரக்காணம் பாத்திகளில் உப்பு விளைகிறது. கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனால் விளைந்த உப்பில் அது தங்குவது மிகச் சொற்பம். அதனால்தான் சமையல் உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள். அயோடின் கிடைக்காவிட்டால் கழுத்து வீங்கும்.

அயோடின் போதுமான அளவு கிடைத்தும் தைராய்டு ஓய்ந்துபோவதுண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் வரும் கேடு அது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

இந்நோயாளிகள் சிலருக்குச் சீலியாக் என்ற குடல்நோயும் சேர்ந்து வருகிறது. கோதுமையின் குளூட்டன் புரதத்தை எதிரியாக எண்ணும் உடல், சத்தை உறிஞ்சும் சிறுகுடல் சவ்வையே சிதைத்துவிடும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் இது அதிகம். இந்நோய்களுக்கு இடமளிக்கும் மரபணுக்களில் சில பொதுவானவை.

அந்த மரபணுக்கள் நம்மிடமும் இருக்கின்றன. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று 23,331 பேரைச் சோதித்தது. சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதத்தினரிடம் இருந்தது. வேலூரை உள்ளடக்கிய தெற்கில் 0.10 சதவீதம்தான். ஆனால் சீலியாக்குக்கு வழிவிடும் மரபணு இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் இருந்தது. வேறுபட்டது தட்டில் விழும் தானியம்: வடக்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம் அரிசிச் சோறும் கேழ்வரகுக் கூழும் குளூட்டன் இல்லாதவை. பரோட்டா, ரவை, சேமியா பெருகப் பெருக இந்தக் கணக்கு மாறலாம்.

தைராய்டு கோளாறு என்றதும் கோதுமையை ஒதுக்க வேண்டியதில்லை. சீலியாக் இல்லாதவருக்கு அதனால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தீராத வயிற்றுப்போக்கு, மருந்துக்கும் மசியாத ரத்தசோகை, குழந்தை வளராமை இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து நோய் பிடிபடாமல் போகும்.

சீலியாக் உறுதியானால் ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாது. அப்போது இட்லி சாம்பாரிலும் கவனம் வேண்டும்: கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். தைராய்டு ஓய்ந்தவர்கள் எடுக்கும் தைராக்ஸின் மாத்திரை குடல் தேறியபின் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால், அதன் அளவையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.