காற்று எந்தப் பக்கம்?

போன மாதம் பக்கத்து வயல்காரர் கத்தரிக்கு மருந்து அடித்தார். மருந்து என்ன மருந்து, நஞ்சுதான். காலையில் மேல்காற்று வீசியதை நினைத்து, களையெடுத்த பெண்களை மேற்கே ஒதுங்கச் சொன்னேன். பத்தே நிமிடம், காற்று திரும்பிவிட்டது. தெளித்ததெல்லாம் அவர்கள் மேலேயே வந்தது. "நல்லா ஒதுங்கச் சொன்னீங்க போங்க, மேனேஜர் ஐயா!" என்று ஒரு அம்மா கண்ணைக் கசக்கினார். என்னிடம் பதில் இல்லை.

வங்கியில் நேற்றைய இருப்பை வைத்து இன்றைய காசோலைக்குப் பணம் தரமாட்டோம். காற்றுக்கும் அதே கணக்குதான். இந்த இடத்தில், இந்த நிமிடம் எப்படி என்பதே கேள்வி.

அதைச் சொல்ல ஆளில்லாமல் போன ஊர் போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. 'செவின்' என்ற பூச்சிக்கொல்லி செய்ய வைத்திருந்த சரக்கு அது. நம் வயலுக்கென்று செய்த நஞ்சு! காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் புகுந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமலே சனங்கள் ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்ததும் ஊர் உறங்கிய நேரத்தில்தான்.

இன்று அதற்குக் கருவி உண்டு, வண்டியிலேயே ஏற்றிப் போகலாம். பெயர் லைடார். அது அனுப்பும் லேசர் ஒளி, காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும். திரும்பும் ஒளியில் தெரியும் மாற்றத்தை வைத்து, மேலே பல நூறு அடி வரை காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிடலாம். கூடவே வாயுவை அளக்கும் கருவியும் ஜிபிஎஸ்ஸும் இருந்தால், நச்சு மேகம் இப்போது எங்கே, அடுத்து எங்கே என்று கணினி வரைபடம் போட்டுவிடும். வானிலை நிலையம் எங்கோ தள்ளி இருக்கும். கட்டடமும் மேடும் காற்றைத் திருப்பிவிடும். வண்டியோ சம்பவ இடத்துக்கே போகும்.

ரசாயன ஆலை உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அந்த வரைபடம் அதிகாரியின் மேசையோடு நிற்காமல், ஒலிபெருக்கி வழியே தெருவுக்கும் வர வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது இதுதான். வாயு கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று போகும் திசையில் ஓடாதீர்கள், அதற்குக் குறுக்கே விலகுங்கள்.

இப்போது வரப்பில் ஒரு மூங்கில் நட்டு, பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டியிருக்கிறேன். பக்கத்து வயல்காரர் நஞ்சை இன்னும் விடவில்லை. ஆனால் துணியைப் பார்த்துவிட்டுத்தான் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். அந்த அம்மா என் பேச்சைக் கேட்பதில்லை, துணியைத்தான் பார்க்கிறார். அதுதான் சரி.