விசைப்பலகைத் திறன்பேசியும் தமிழ் எழுத்தும்: வன்பொருள் குறைகளும் திருத்த யோசனைகளும்

விசைப்பலகைத் திறன்பேசி என்பது, திரையில் தோன்றும் எழுத்துகளைத் தொடுவதற்கு மாறாக, விரலால் அழுத்தி உணரக்கூடிய உண்மையான விசைகளைக் கொண்ட கைபேசி ஆகும். 1996இல் வெளிவந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. பிளாக்பெரி நிறுவனம் இதனை உலகெங்கும் அறிமுகமாக்கியது. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்.டி.சி. டிரீமிலும் திரைக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளிவரும் விசைப்பலகை இருந்தது. தொடுதிரை பரவிய பின் இவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. இன்று சில சிறு நிறுவனங்களே இவற்றைத் தயாரிக்கின்றன.

இக்கைபேசிகளின் குறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டுள்ளது. தமிழில் தட்டச்சு செய்பவருக்கு மட்டும் உள்ள குறை ஒன்று உண்டு. அதை விளக்க இரண்டு ஊர்ப்பெயர்கள் போதும்: பெரம்பலூர், அரியலூர். 26 எழுத்து விசைகள் மட்டுமே கொண்ட கைபேசியில் தமிழ்99 முறைப்படி முதற்பெயரை நேராகத் தட்டச்சு செய்துவிடலாம். இரண்டாவது பெயரை அவ்வாறு செய்ய முடியாது.

ஐந்து எழுத்துகளுக்கு இடமில்லை

தமிழ்99 விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழ்நாடு அரசால் தர விசைப்பலகையாக ஏற்கப்பட்டது. இதில் உயிர் 12, மெய்யின் இடத்தில் அகரமேறிய 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை உண்டு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் கிடைக்கும். ஆய்த விசையே மெய்க்குப் பின் வரும்போது புள்ளியாகும்.

ஆங்கில எழுத்துகளோ 26. எஞ்சிய ஐந்து தமிழ் எழுத்துகள் கணினிப் பலகையில் நிறுத்தற்குறிகள் இருக்கும் விசைகளில் அமர்ந்துள்ளன. பி எழுத்துக்கு வலப்புறம் ச, ஞ. எல் எழுத்துக்கு வலப்புறம் ந, ய. கீழ்வரிசைக் கடைசியில் ழ. பிளாக்பெரி வகைக் கைபேசிகளில் இந்த விசைகளே கிடையாது. அக்குறிகளுள் சில வேறு எழுத்துகளின் மேல் சிறிதாக அச்சிடப்பட்டு, மாற்று விசையைச் சேர்த்து அழுத்தினால் மட்டுமே வரும்.

இப்போது ஊர்ப்பெயர்களைச் சோதிக்கலாம். பெரம்பலூருக்கு ப, எ, ர, ம, ப, ல, ஊ, ர, புள்ளி என ஒன்பது அழுத்தங்கள் (ம, ப அடுத்தடுத்து வந்தால் 'ம்ப' தானாகவே அமையும்). ஒன்பதும் 26க்குள் அடங்குகின்றன. ஆலத்தூர், குன்னம், ஆண்டிமடம் ஆகியவையும் அடங்கும். அரியலூரில் 'ய' தடுக்கிறது. உடையார்பாளையத்தில் அதே எழுத்து இருமுறை. வேப்பந்தட்டையில் 'ந', செந்துறையில் 'ச', 'ந' இரண்டும், தா.பழூரில் 'ழ', கங்கைகொண்ட சோழபுரத்தில் 'ச', 'ழ'. இவ்வளவும் ஏன், 'தமிழ்' என்ற சொல்லையே நேராக எழுத முடியாது. திரை விசைப்பலகையில் மென்பொருள் மூலம் கட்டங்களைக் கூட்டிக்கொள்ளலாம். வார்த்தெடுத்த நெகிழி விசையில் அது நடவாது. ஆகவே இதை மென்பொருள் குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

திருத்துவது எப்படி?

கூடுதல் விசைகள் வைத்தால் மின்சுற்றுச் செலவு ஏறும் என்று தோன்றலாம். உண்மையில் அது மிகச் சிறிது. விசைகள் நிரை, நிரல் கட்டமாக இணைக்கப்படுகின்றன. 35 விசைகளை 5 நிரை, 7 நிரல் என 12 கம்பிகளால் அறியலாம். 40 விசைகளுக்கு 5 நிரை, 8 நிரல், அதாவது 13 கம்பிகள். ஐந்து விசைகளுக்கு ஒரே ஒரு கம்பிதான் கூடுதல்.

தட்டுப்பாடு அகலத்தில்தான். 66 மி.மீ. அகலமுள்ள பிளாக்பெரி போல்டு 9900இல் வரிசைக்குப் பத்து விசைகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 6.6 மி.மீ. தமிழ்99இன் மேல்வரிசைக்குப் பன்னிரண்டு விசைகள் வேண்டும். அதே அகலத்தில் 5.5 மி.மீ. தான் கிடைக்கும்; கட்டைவிரலுக்கு அது நெருக்கடி. 90 மி.மீ. அகலத்தில் 2014இல் வந்த பிளாக்பெரி பாஸ்போர்ட் போன்ற உடலில் 7.5 மி.மீ. தாராளமாகக் கிடைக்கும். அத்தனை அகலமான கைபேசியிலும் மூன்று வரிசை மட்டுமே வைத்து, குறிகளைத் திரைக்குத் தள்ளியிருந்தார்கள் என்பது வியப்பே. பக்கவாட்டில் விரியும் வகையில் இச்சிக்கல் இல்லை. 2019இல் வந்த எஃப்(எக்ஸ்)டெக் புரோ1 ஐந்து வரிசைகளில் 64 விசைகள் கொண்டது.

அகலத்தைக் கூட்டாமலும் ஒரு வழி உண்டு. அது இலக்கணத்திலேயே இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ ஆகிய இணைகளை ஒவ்வொரு விசையில் வைத்து, சற்று நீட்டி அழுத்தினால் நெடில் எனக் கொள்ளலாம். ஐ, ஔ ஆகியவற்றுக்குத் தனி விசை. அப்போது உயிருக்கு 7, மெய்க்கு 18, ஆய்தம் 1. கூட்டினால் சரியாக 26!

கணக்கு அழகாக இருந்தாலும் இழப்பும் உண்டு. காலியாகும் ஐந்து விசைகளும் இடப்புறத்தில் உள்ளவை. எனவே ச, ஞ, ந, ய, ழ இடப்புறம் போய், இரு கட்டைவிரல்களும் மாறி மாறி இயங்கும் வசதி குறையும். தமிழ்99 பழகியவர் ஐந்து இடங்களைப் புதிதாகப் பழக வேண்டும். நீட்டி அழுத்துவதால் வேகமும் சற்றுக் குறையும். பள்ளி மாணவர்கள் மடிக்கணினியில் ஒரு முறையும் கைபேசியில் வேறு முறையும் பழகுவது நல்லதன்று என்பதால், இடமுள்ள கைபேசியில் 31 விசைகளை வைப்பதே மேல்.

இரட்டிக்கும் விசை

ஒவ்வொரு விசையின் அடியிலும் மெல்லிய எஃகுக் குமிழ் ஒன்று உள்ளது. அழுத்தும்போது அது 'டக்' என்று உள்வாங்கி, அடியிலுள்ள இரு தொடுமுனைகளை இணைக்கும். இணையும் கணத்தில் சற்றுத் துள்ளுவதால், சில மில்லி விநாடிகள் பொறுத்தே கைபேசி அதை ஓர் அழுத்தமாக எண்ணுகிறது. குமிழ் தேய்ந்தாலும் தூசி புகுந்தாலும் துள்ளல் நீளும். ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும்.

ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் எழுத்துப்பிழையாகக் கண்ணில் பட்டுவிடும். தமிழ்99இல் ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறும். எனவே 'படம்' 'பட்டம்' ஆகும். 'எடு' 'எட்டு' ஆகும். 'குடி' 'குட்டி' ஆகும். எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் சும்மா இருந்துவிடும். மனு எழுதுபவர் ஒரு சொல் மாறியதை அறியாமலே அனுப்பிவிட வாய்ப்புண்டு. மெய் விசைகளுக்கு மட்டும் பொறுக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டுவது எளிய தீர்வு.

தூசி இவ்வட்டாரத்தில் சிறு செய்தி அன்று. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. கதிரடிப்புத் தூசும் பஞ்சுத் துகளும் பறக்கும். விசைகளின் இடுக்கில் புகும் சுண்ணத்தூள் வியர்வை ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகிறது. வாயால் ஊதினால் ஈரம் இன்னும் கூடும். உலர்ந்த மென்தூரிகையே ஏற்றது. விசைகளின் அடியில் ஒரே துண்டாக சிலிக்கோன் விரிப்பு இட்டால் குமிழ்களைத் தூசி அண்டாது. இது நடக்காத யோசனை அன்று: யுனிஹெர்ட்ஸ் டைட்டன் விசைப்பலகையுடன் ஐ.பி.67 பாதுகாப்பும் பெற்றது. அதில் 6 என்பது தூசி முற்றிலும் புகாமையையும், 7 என்பது ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்குவதையும் குறிக்கும். ஆனால் எடை 300 கிராமைத் தாண்டியது, சட்டைப்பை தாங்காது.

பிற குறைகள்

நகரும் வகையில் திரையையும் அடிப்பகுதியையும் ஒரு வளையும் மின்பட்டை இணைக்கிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது மடிவதால் நாளடைவில் கீறல் விழும். மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒரு விசை மட்டும் இயங்காவிட்டால் குறை குமிழில், ஒரே நிரலிலுள்ள எல்லா விசைகளும் ஒன்றாக நின்றால் குறை கம்பியில் அல்லது பட்டையில். கழற்றுமுன் இதைப் பார்த்துவிட்டால் வீண்செலவு மிச்சம்.

விசை சாராத குறைகளும் இவ்வகைக் கைபேசிகளைப் பாதித்தன. 2009இல் வந்த நோக்கியா என்900இல் மின்னேற்றும் துளை பலகையிலிருந்து பெயர்ந்துவிடுவது பரவலாக அறியப்பட்ட பழுது. 2017இல் பிளாக்பெரி கீஒன் வெளிவந்தபோது திரை போதிய பசையின்றிப் பெயர்வது தெரியவந்து, பின்னர் பசை கூட்டப்பட்டது. மோட்டோரோலா டிராய்டின் விசைகள் தட்டையாக இருந்ததால் விரலுக்கு எல்லை தெரியவில்லை. அடுத்த ஆண்டு டிராய்டு 2இல் அவை மேடாக்கப்பட்டன. பார்வையற்றோருக்கும், திரையில் விரல் தடுமாறும் முதியோருக்கும் இந்த மேடுதான் முதன்மையானது.

இன்றைக்குக் கைக்கெட்டும் வழி, சாதாரணத் திறன்பேசியுடன் புளூடூத் விசைப்பலகையை இணைப்பதே. அதிலும் சிறிய பலகைகள் சிலவற்றில் ஓர விசைகள் விடுபட்டிருக்கும். வாங்குமுன் எல் எழுத்துக்கு வலப்புறம் இரண்டு தனி விசைகள் உள்ளனவா, பி எழுத்துக்கு வலப்புறமும் இரண்டு உள்ளனவா, கீழ்வரிசைக் கடைசியில் சாய்கோட்டு விசை உண்டா என்று பார்க்க வேண்டும். நிறுவும் தமிழ்ச் செயலி வன்விசைகளை ஏற்கிறதா என்பதையும் கடையிலேயே 'அரியலூர்' என்று அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.