கோதுமைக்கு ஒவ்வாத குடல்

1944-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்துவிட்டபடியால் மேற்கு ஹாலந்து ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைக்க நேர்ந்த கொடும் பஞ்சத்தினிடையே, தீராத வயிற்றுப்போக்கினால் உருக்குலைந்து வந்த சீலியாக் நோய்க் குழந்தைகள் மாத்திரம் விபரீதமாக உடல் தேறினார்கள். ரொட்டி மறுபடி வந்ததும் நோயும் கூடவே வந்தது. பஞ்சந்தான் வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்கு இந்த உண்மையைப் போதித்தது என்று கதை சொல்லுவார்கள். அது முழு நியாயமன்று. 1930-களிலேயே கோதுமையை நீக்கிப் பரீட்சித்துக்கொண்டிருந்த அவருடைய ஊகத்துக்கு யுத்தம் சாட்சி சொல்லிற்று, அவ்வளவே.

சாட்சியோடு அவர் திருப்தியடையவில்லை. குழந்தைக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், ஜீரணமாகாமல் மலத்தோடு கழியும் கொழுப்பை வான் டி காமர் என்ற ரசாயன நிபுணரின் முறைப்படி அளந்து, 1950-இல் யூட்ரெக்ட் சர்வகலாசாலையில் தமது ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். தீங்கு செய்வது மாவின் பசைப் புரதமான குளூட்டன் என்பதும், அரிசி நிரபராதி என்பதும் சீக்கிரத்தில் தெளிவாயின.

ஆகாரம் எவ்விதம் வியாதியாக மாறுகிறது என்பதை அறிய மேலும் ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள் பிடித்தன. குளூட்டனை நம்முடைய ஜீரண ரசங்கள் முற்றும் அறுக்கமாட்டா. முப்பத்துமூன்று அமினோ அமிலங்கள் கோத்த துண்டொன்று அறுபடாமல் மிஞ்சுவதை 2002-இல் ஸ்டான்போர்டில் சைதன் கோஸ்லாவின் குழுவினர் காட்டினார்கள். குடற்சுவரிலுள்ள ஒரு நொதி அத்துண்டின் மின்தன்மையைச் சற்றே மாற்றிவிட, ஆஸ்லோவில் லுட்விக் சோலிட் முதலானோர் ஆராய்ந்த டிக்யூ2 என்னும் பரம்பரை மூலக்கூறு அதை இறுகப் பற்றி, உடலைக் காக்கும் டி-அணுக்களுக்குக் காட்ட, அவையோ பகைவன் புகுந்துவிட்டான் என்று இன்டர்பெரான் என்ற சமிக்ஞையைப் பரப்ப, வெல்வெட்டின் ரோமம்போல் நெருங்கி நின்று சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து சமதளமாகின்றன. ரத்த சோகையும், வளர்ச்சிக் குறைவும் இதன் பின்விளைவுகள்.

நம் தேசத்தில் 2016-இல் வெளியான ஆய்வொன்று, இந்நோய்க்கு அடையாளமான எதிர்ப்புப் பொருள்கள் வட பிரதேசத்தில் நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்திலும் தெற்கே 0.10 பேரின் ரத்தத்திலும் இருப்பதாகக் கண்டது. பரம்பரைக் கூறு இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமே. வித்தியாசப்படுவது கோதுமை உண்ணும் அளவு. ஆனால் கோதுமை குறைவாக உண்ணும் வடகிழக்கிலும் 0.87 பேருக்கு அவ்வடையாளம் காணப்பட்டதால், தானியத்தின் அளவை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அவசரமாகும்.

குளூட்டன் இல்லாத பண்டங்களை நாகரிகமாகக் கருதி வாங்குவோர் பெருகிவரும் இக்காலத்தில், சந்தேகமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிட்டால் ரத்தத்திலுள்ள அடையாளங்கள் மறைந்து, பரிசோதனை பொய் சொல்லும். ஆகையால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பத்தியத்தைப் பின்னால் தொடங்குங்கள்.