மான் தீண்டா மலர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் காட்டிற்கும் தோட்டத்திற்கும் இடையே மதில் இல்லை. ஆதலின், கோடையில் மலைமேல் புல்லும் நீரும் குன்றும்போது மான் முதலிய விலங்குகள் கீழே இறங்கி வருகின்றன. மாலையில் அரும்பு நிறைந்து நின்ற ரோசாவும் செம்பருத்தியும் விடியற்காலையில் வெறுங்கொம்பாய் நிற்றலும் உண்டு.

மாணவர்களே! இதற்கு வழி யாது? விலங்கு விரும்பாதவற்றை அறிந்து நடுதலே நல்வழி. மான் மோப்பத்தால் உணவைத் தேர்வது. ஆதலின் கடுமணம் உடைய துளசி, நொச்சி, கேந்தி ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கும். எருக்கம்பாலை வெறுக்கும். வெண்பூப் பூக்கும் ஆடாதோடையின் இலை மிகக் கசப்பானது. ஆடும் தொடாதது என்பதனால் அதற்கு ஆடுதொடா என்றும் பெயர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் அச்செடிக்கு இட்ட ‘ஜஸ்டிசியா அதடோடா’ என்னும் பெயரிலும் இச்சொல் ஒலிப்பதைக் காண்க.

நித்தியகல்யாணியின் கசப்பிற்குக் காரணமான பொருள்கள் அதற்குக் காவல். அவற்றுட் சில புற்றுநோய்க்கு மருந்தும் ஆகின்றன. நெடுஞ்சாலைகளின் நடுவே அரளியை வளர்ப்பதும் கால்நடைகள் அதனைத் தின்னாமை கருதியே. எனினும், அரளி இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. உலர்ந்த இலையிலும் அந்நஞ்சு நீங்காது. 2024-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம், நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டா என விலக்கியது. ஆகவே, சிறுவர் விளையாடும் முற்றத்திலும் மாட்டுத் தொழுவின் அருகிலும் அதனை நடலாகாது. கழித்த கிளைகளைத் தீவனத்தோடு கலந்துவிடவும் கூடாது.

தோட்டத்தின் புறவரிசையில் ஆடாதோடையும் நொச்சியும், அடுத்த வரிசையில் நித்தியகல்யாணியும் கேந்தியும், வீட்டை ஒட்டி மல்லிகையும் ரோசாவும் அமைத்தல் நன்று. ஆயினும் ஒன்றை மறவற்க: கடும்பசி வந்துற்றால் விலங்கு கசப்பையும் பாராது. அக்காலத்து ஒரு சில மலர்களை இழத்தல் பேரிழப்பன்று. அதற்கு அஞ்சித் திருட்டு மின்வேலி இடுவோர் விலங்கையும், சில வேளை மனிதரையுமே கொல்கின்றனர். அது சட்டத்திற்கும் மாறானது. செடியின் இயல்பறிந்து நடுவோன் தன் பூவையும் காப்பான். பிற உயிரையும் காப்பான்.