மழையில் நின்ற வைப்பர்: மோட்டாரா, சுவிட்சா?

அடைமழை. ராத்திரி நேரம். பழைய அம்பாசிடர் கார். உள்ளே குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம். கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்த வைப்பர் திடீரென்று நின்று விடுகிறது. டிரைவர் சுவிட்சைத் திருகுகிறார், தட்டுகிறார். அசையவில்லை! எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறுகிறது. சாலையே தெரியவில்லை.

அந்த நேரத்தில் காரை ஓரம் கட்டி நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

மறுநாள் பட்டறைக்குப் போனால், "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்!" என்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். மோட்டார் நன்றாக இருந்து, சுவிட்சு மட்டும் கெட்டிருக்கலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டிலேயே நின்று விட்டது. இன்று ஓடுகிறவை எல்லாம் வயதான கார்கள். அவற்றின் சுவிட்சுக்கும் அதே வயதுதானே!

சுவிட்சு ஏன் கெடுகிறது?

சுவிட்சுக்குள் சிறு தகடுகள் இருக்கின்றன. அவை தொட்டால் மின்சாரம் ஓடும்; பிரிந்தால் நிற்கும். பிரியும்போது சிறு தீப்பொறி எழும். பொறி பட்டுப் பட்டுத் தகடு கறுத்துப் போகும். மழை ஈரமும் சேர்ந்தால் களிம்பு ஏறும். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கிறதே, அதே பச்சைக் களிம்புதான்! அதைத் தாண்டி மின்சாரம் சரியாகப் போகாது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பியூசைப் பாருங்கள். அது எரிந்து போயிருந்தால் வைப்பர் ஓடாது.

பியூஸ் சரியா? அடுத்தது சுவிட்சு. ஒரே வேகத்தில் ஓடும் பழைய வைப்பரானால், சுவிட்சில் பெரும்பாலும் இரண்டே முனைகள் இருக்கும். கண்ணாடியை நனைத்து, சாவியைப் போட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். வைப்பர் ஓடினால் குற்றவாளி சுவிட்சுதான். மோட்டார் நிரபராதி! துண்டு வயர் வேறு எதிலும் பட்டு விடக் கூடாது.

இரண்டு வேக வைப்பருக்கு வயர்கள் அதிகம். அதைக் கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டு விடுவதே நல்லது.

சரி செய்வது

பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிய பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்பதைக் காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு சுவிட்சைக் கழற்றி, நைசான உப்புத்தாளால் தகடுகளை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். தகடு பொரிந்து போயிருந்தாலும், சுவிட்சின் உடல் உருகியிருந்தாலும் தேய்த்துப் பயனில்லை. புது சுவிட்சுதான் போட வேண்டும்.

வைப்பர் ஓடுகிறது, ஆனால் நிறுத்தினால் கண்ணாடியின் நடுவிலேயே நின்று விடுகிறதா? அது வேறு கோளாறு. வைப்பரைக் கீழே கொண்டுவந்து நிறுத்த, பல கார்களில் மோட்டாரோடு சேர்ந்தே இன்னொரு சிறு சுவிட்சு உண்டு. டாஷ்போர்டு சுவிட்சை மாற்றி அது தீராது.

மறுபடியும் கெட்டால்?

பட்டறைகளில் பலரும் மறந்து விடுவது இதைத்தான். வைப்பர் கை சுழலும் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தால், மோட்டார் திணறும். திணறும் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்காமல் புது சுவிட்சும் சூடேறிக் கெடும். எனவே தண்டுக்கு எண்ணெய் விட்டு, தடையில்லாமல் சுழலுகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் பொருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்த்தால் ரப்பரும் கெடும். கண்ணாடியிலும் கீறல் விழும்.