கோழி ஏன் கொத்துகிறது?

எருசலேமை எண்ணி வருந்திய ஆண்டவர், குஞ்சுகளைச் சிறகினுள் அணைக்கும் கோழியையே தம் அன்பிற்கு உவமையாகக் கூறினார். அத்தகைய கோழி தன் இனத்தையே குருதி வழியக் கொத்துவது ஏன்? எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஆறு பெட்டைகள் உண்டு. ஒரு நாள் அவற்றுள் கறுப்பியை மற்ற ஐந்தும் சேர்ந்து, வாலருகே ஓர் இறகுமின்றிக் கொத்திவிட்டன. அக்காள் தங்கைகளாகிய நாங்கள் அந்த ஐந்தையும் "கொலைகாரிகள்" என்று திட்டித் தீர்த்தோம். குற்றம் எங்களுடையது என்பது பிறகுதான் விளங்கிற்று.

கொத்துதல் இருவகைப்படும். முதலாவது, யார் பெரியவர் என்று நிலைநாட்டும் கொத்து. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப் எப்பெ என்பார், சிறு வயது முதல் கோழிகளைக் கவனித்து, அவற்றிடையே மேல் கீழ் என்னும் வரிசை உண்டென்று 1921-இல் எழுதினார். புதுக்கோழி வந்தால் சில நாள் சண்டை நடக்கும். வரிசை அமைந்ததும் ஓய்ந்துவிடும். (நம் வகுப்பிலும் ஜூன் மாதத்தில் இப்படித்தானே!)

மற்றொன்று, இறகைப் பிடுங்கித் தின்னும் கொத்து. இதுவே ஆபத்தானது. தெருநாய்க்கு அஞ்சி நாங்கள் ஆறு கோழிகளையும் ஒரு சிறு கூண்டில் நாள் முழுதும் அடைத்திருந்தோம். பழைய சோறும் நொய்யுமே தீனி. இறகு புரதத்தால் ஆனது. சோற்றில் புரதம் குறைவு. இடநெருக்கடியும் சத்துக்குறைவும் சேர்ந்தால் கோழி பக்கத்துக் கோழியின் இறகை நாடும். பேன், செள் தொல்லையும் ஒரு காரணமாகும்.

கால்நடை மருத்துவர் கூறியபடி கறுப்பியைத் தனியே பிரித்தோம். சிவப்பைக் கண்டால் கோழிகள் மேலும் கொத்துமாதலால், புண்ணை வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளால் மூடினோம். பழம்பானையில் கிழிந்த சாக்கும் சாணமும் இட்டு, நீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் சேரும். கோழிகளுக்கு அது விருந்து. முருங்கைக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் அவற்றுக்குப் பொழுதும் போகும். முட்டையோடு உறுதிபெற வீராம்பட்டினம் கடற்கரைக் கிளிஞ்சலைக் கழுவி இடித்துக் கொடுத்தோம். குளிக்கச் சாம்பல் கலந்த மணல் வைத்தோம். பிண்ணாக்கு நல்லதே, ஆனால் ஐப்பசி மழையில் பூசணம் பிடித்ததைக் கொடுத்தால் அது நஞ்சாகும்.

கொத்துக்கு மருந்துண்டு, வெள்ளைக்கழிச்சலுக்கு இல்லை. குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தின் பெயரால் வழங்கும் இந்நோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசியும் போடவேண்டும். ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பூசியாக்கும் வழியை, 1879-80-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் கண்டறிந்ததும் கோழிகளைக் கொண்டே. அது கோழிக் காலரா நோய்க்கானது.

கறுப்பிக்கு இறகு முளைத்தபின், மற்றவை உறங்கும் இரவு வேளையில் அதனைக் கூண்டில் விட்டோம். விடிந்ததும் இரண்டு கொத்து வாங்கிற்று, அவ்வளவே. பிறகு ஆறும் ஒன்றாகக் கரையான் பானையை நோக்கி ஓடின.