நான்காம் வார்த்தை
(கொழும்புக் கோவில்கள் – 9)

சென்ற வாரம் வெள்ளவத்தையில் நின்றோம். இந்த வாரம் வடக்கே, கொட்டாஞ்சேனைக்கு. துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது கொச்சிக்கடை அந்தோனியார் கோவில்.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றம். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவிமாரும் மூப்பர்மாரும்தான் இருந்தார்கள். பூசையையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. திருச்சபை தங்களை மறந்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் செபமாலையை விடவில்லை.

அந்த ஒல்லாந்தர் காலத்தில்தான் கொச்சிக்கடையின் கதையும் தொடங்குகிறது. கொச்சியிலிருந்து வந்து ஒளிந்து திரிந்தவர் அன்ரோனியோ என்ற குரு. கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் முறையிட்டார்கள். அவர் சிலுவையை நட்டுச் செபித்தார். கடல் பின்வாங்கியது என்பது ஊர் வழக்கு. துரத்தியவர்களே பிறகு அவருக்கு நிலம் கொடுத்தார்களாம். இன்றைய கோவிலை 1828இல் கட்டத் தொடங்கி 1834இல் மந்திரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள். காணாமற்போனதைத் தேடித் தருபவர் என்பதால் சாவிக்கொத்தைத் தொலைத்தவரும் வருவார், மகனைத் தொலைத்தவரும் வருவார். சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் வருவார்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அம்மாவை அங்கே கண்டேன். மெழுகுதிரியின் அடியை நெருப்பில் இளக்கி, தட்டில் அழுத்தி, அது சரியாமல் நிற்கும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருந்தார். கணவர் விட்டுப்போய்க் கனகாலம். சொந்தக்காரரும் அதன்பிறகு வருவதில்லை.

“சனம் என்னட்டத்தான் பிழை எண்டு சொல்லுது, தம்பி. இவரட்ட வந்து அழுதால் ஏன் அழுகிறாய் எண்டு கேக்கமாட்டார்.”

கைவிடப்பட்டவரிடம் “விசுவாசம் இருந்தால் அழமாட்டாய்” என்று சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய வெள்ளியன்று நம் கோவில்களில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். அதில் நான்காவது, தன்னை ஏன் கைவிட்டாய் என்று இயேசு தந்தையிடம் கேட்ட கேள்வி. 22ஆம் சங்கீதத்தின் முதலடியும் அதுவே. மத்தேயுவும் மாற்குவும் அதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். நம் கடவுளே அப்படிக் கேட்டிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய ஆறுதல்.

2019இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 19ஆம் திகதி. இரண்டு நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறு காலை, இந்தக் கோவிலுக்குள் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் அதே காலைதான். 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்திருந்தும் அரசு மக்களைக் காக்கவில்லை என்பதை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. காக்க வேண்டியவர்கள் கைவிட்ட சனம், அதே 2019 ஜூன் 12இல் கோவில் மறுபடி திறந்தபோது திரும்பி வந்தது. அடுத்த நாள் அந்தோனியார் திருநாள்.

இதை வாசிக்கும் யாராவது வீட்டாராலோ விரும்பியவராலோ ஒதுக்கப்பட்டிருந்தால், ஒருமுறை அங்கே போய் இருங்கள். செவ்வாயில் கூட்டம் நெருக்கும். தனியாக அழ வேண்டுமென்றால் வேறொரு நாள், மத்தியானத்தில் போங்கள்.